கத்தரிக்கோல் கொதிக்கிற நேரத்தில் ஒரு கருமாதி

போன மாதம் சேலத்தில் இளம் செவிலியர்களுக்கு ஒரு நாள் பயிற்சி நடந்தது. தலைப்பு, 'பணியிடத்தில் மன அழுத்தத்தைக் கையாளுதல்'. ஓய்வு பெற்றவர்கள் சிலரைக் கூப்பிட்டு முன் வரிசையில் உட்கார வைத்தார்கள். அதில் நானும் ஒருத்தி. பயிற்சி கொடுக்க வந்த தம்பி எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லி, "அமைதியான ஒரு கடற்கரையை நினைச்சுக்குங்க" என்றார். நான் பிறந்ததே வேதாரண்யம் பக்கம் கடற்கரையில். எனக்கு அமைதி வரவில்லை, கருவாட்டு வாசனைதான் வந்தது. கூடவே பசியும் வந்தது.

கடைசியில் கேள்வி நேரம். ராமநாதபுரத்திலிருந்து வந்து ஏற்காட்டு மலையில் வேலை பார்க்கும் ஒரு பெண் எழுந்தாள். அம்மா இறந்து கொஞ்ச நாள்தான் ஆகிறதாம். "மேடம், ஊரை விட்டு இவ்வளவு தூரத்துல, தினம் ஊர் ஊரா அலைஞ்சு வேலையும் பார்த்துக்கிட்டு, இதை எப்படித் தாங்குறது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். நான் மைக்கை வாங்கித் தொண்டையைச் செருமினேன். அதற்குள் பின்னாலிருந்து யாரோ, "சாப்பாடு வந்துருச்சு, ஆறிடும்" என்றார்கள். ஹால் காலியாகிவிட்டது. எனக்கே தக்காளி சாதம் தீர்ந்துவிடுமோ என்று பயம். சொல்ல வந்ததை இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் நர்ஸ் ஆன கதை பெரிதில்லை. பயிற்சி முடித்தேன், ஆர்டர் வந்தது, ஏற்காடு என்று போட்டிருந்தது. எண்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் ஊரில் உயரமான இடம் என்றால் உப்பளத்து வரப்புதான். அப்பா மலையையே பார்த்ததில்லை. அவருக்கு வாடகை சைக்கிள் கடை. உலகத்தை அவர் சைக்கிள் சீட்டில் உட்கார்ந்துதான் அளப்பார். நான் எழுதும் ஒவ்வொரு கடிதத்துக்கும் அவருடைய பதிலில் ஒரே கேள்விதான் இருக்கும்: அங்கே சைக்கிளுக்கு மணி வாடகை எவ்வளவு? இங்கே வாடகை சைக்கிளே கிடையாது, ஏறினால் மூச்சு போகும், இறங்கினால் ஆளே போய்விடுவோம் என்று எழுதினேன். அவர் நம்பவில்லை. நான் சரியாக விசாரிக்கவில்லை என்று அம்மாவிடம் குறைப்பட்டுக்கொண்டாராம்.

எனக்கு மேலே இருந்தவர் புஷ்பம் அம்மா. எங்கள் பகுதி நர்ஸுகளுக்கெல்லாம் அவர்தான் மேற்பார்வை. ஒல்லியான உடம்பு, கையில் எந்நேரமும் குடை. வணக்கம் சொன்னால் பதில் வணக்கம் வராது, "நகம்" என்றுதான் வரும். இரண்டு கையையும் நீட்ட வேண்டும். பார்த்துவிட்டு, "ம்" என்பார். அதுதான் வணக்கம். பிரசவச் சாமான்களைக் கொதிக்க வைப்பதில் அவருக்கு ஒரு சட்டம் உண்டு. கத்தரிக்கோல், தொப்புள் கொடி கட்டும் நூல், எல்லாம் முழுகுகிற மாதிரி தண்ணீர் ஊற்ற வேண்டும். தளதளவென்று கொதி வந்த பிறகுதான் நேரம் கணக்கு. நடுவில் யாராவது மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. "என்ன பண்ணிக்கிட்டிருக்குன்னு பார்த்தேம்மா" என்று ஒருத்தி சொன்னதற்கு, "அது ஒண்ணும் பண்ணலை, கொதிக்குது. நீ அதைத் தொந்தரவு பண்ணாதே" என்றார்.

தந்தி வந்த அன்று நான் மலைக் கிராமங்களைச் சுற்றிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தேன். 'அப்பா சீரியஸ், உடனே புறப்படு.' அந்தக் காலத்தில் யாரும் தந்தியில் செத்துப்போனதைச் செத்துப்போனார் என்று கொடுக்க மாட்டார்கள். சீரியஸ் என்றால் முடிந்துவிட்டது என்று எல்லோருக்கும் தெரியும். புஷ்பம் அம்மா தந்தியைப் படித்து மடித்து என் கையில் கொடுத்தார். "போ. கண்ணைத் துடைக்கிற துணியும் கையைத் துடைக்கிற துணியும் வேற வேறயா வெச்சுக்கோ" என்றார். இந்த அம்மாவுக்கு நெஞ்சில் ஈரமே இல்லையா என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் அழலாம் என்று பார்த்தேன். கொண்டை ஊசி வளைவுகள் விடவில்லை. அழுகை தொண்டை வரை வரும்போதெல்லாம் வேறு ஒன்று முந்திக்கொண்டு வந்தது. சேலம், திருச்சி, தஞ்சாவூர் என்று பஸ் மாறி மாறி ஊர் போய்ச் சேர்ந்தபோது அப்பாவை முதல் நாள் சாயங்காலமே எடுத்துவிட்டிருந்தார்கள். வீடு நிறைய ஆட்கள். வந்தவர்கள் எல்லோரும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியா ஒருதடவை முகத்தைப் பார்த்தியாடி?" என்று கேட்டார்கள். பார்க்கவில்லை என்று தெரிந்துதான் கேட்டார்கள். எனக்கு அழுகை வரவே இல்லை. சித்தி ஒருத்தி என் கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஈரமே இல்லையே" என்று மற்றவர்களுக்கு அறிவித்தாள். அதன் பிறகு வீட்டில் எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னால் தாங்க முடியவில்லை. பதினாறாம் நாள் கருமாதிக்கு வந்துவிடுகிறேன் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு மலைக்கே திரும்பிவிட்டேன்.

"லீவு இன்னும் இருக்கே?" என்றார் புஷ்பம் அம்மா.

"இருக்குங்கம்மா. வேலையும் இருக்கு."

என் முகத்தைப் பார்த்தார். நகத்தைக் கேட்கவில்லை. "மாரமங்கலத்துக்கு மேலே ஒரு தலைப்பிரசவம் இருக்கு. போய்ப் பார்த்துட்டு வா" என்றார்.

பஸ்ஸில், தந்தி வந்த சேதி தெரிந்த கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "எப்படிங்க ஆச்சு உங்கப்பாவுக்கு?" என்றார். நெஞ்சுவலி என்றேன். எனக்குப் பின்னால் இருந்த சீட்டுக்கு அது போனது. அங்கிருந்து அடுத்த சீட்டுக்குப் போனது. நான் மாரமங்கலத்தில் இறங்கி, காபித் தோட்டம் வழியாக மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தபோது, அதே பஸ்ஸில் வந்து குறுக்கு வழியில் ஏறியவர்கள் எனக்கு முன்னாலேயே ஊருக்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

பிரசவ வலியில் இருந்த பெண் ராணி. அவள் புருஷன் சின்னசாமி பாதி வழியில் ஓடி வந்தான். "ஏனுங்க நர்சம்மா, வேகமா வாங்க! வலி நொம்ப அதிகமாயிருச்சுங்க. மருத்துவச்சியம்மா வெள்ளக்கடையில மக ஊட்டுக்குப் போயிருச்சுங்க" என்று என் பையைப் பிடுங்கிக்கொண்டான். உடனே ஏதோ ஞாபகம் வந்தவனாக நின்றான். "ஆனா நீங்க உள்ள வரக்கூடாதுங்களாம்" என்று சொல்லிவிட்டுப் பையோடு ஓடினான். நான் பையின் பின்னால் ஓடினேன்.

வாசற்படியில் இரண்டு கையையும் அகல விரித்துக்கொண்டு ராணியின் மாமியார் காளியம்மா நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் கண் நிஜமாகவே கலங்கியது. "வா கண்ணு. அப்பன் போயிட்டாராமே. கேட்டதுல இருந்து மனசே ஆறலை சாமி. உக்காரு, காப்பி குடி. உள்ள மட்டும் வந்துராதே."

"அம்மா, உள்ளே ஒரு பொண்ணு வலியில இருக்கா."

"அதுக்குத்தான் கண்ணு சொல்றேன். இன்னும் கருமாதி ஆகலை. எழவுத் தீட்டோட புள்ளை பொறக்கற ஊட்டுக்குள்ள கால் வெச்சா புள்ளைக்கு ஆகாது."

எனக்குக் கோபம் வந்தது. "நான் கவர்மெண்ட் நர்ஸ். வேலையில இருக்கும்போது எனக்குத் தீட்டெல்லாம் கிடையாது" என்றேன். அதற்குள் ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் வந்துவிட்டார். பெரிய மீசை, அதைவிடப் பெரிய பொறுமை. "கவர்மெண்டுக்கு அப்பன் செத்தாத் தீட்டு இல்லீங்க, வாஸ்தவம். செத்தது உங்க அப்பனுங்களே" என்றார்.

பிறகு சட்டம் அலசப்பட்டது. கட்டிக் கொடுத்த பெண் என்றால் அப்பன் தீட்டு மூன்றே நாளில் போய்விடுமாம். எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார். இல்லை என்றேன். "ஏனுங்க இன்னும் ஆகலை?" என்றார் அக்கறையாக. கூட்டத்தில் ஒரு அம்மாள் தலைச்சோலையில் தன் அண்ணன் மகன் ஒருவன் இருப்பதாகவும், காபிக் காடு இருக்கிறது, நல்ல பையன், காது மட்டும் கொஞ்சம் மந்தம் என்றும் ஆரம்பித்தார். உள்ளேயிருந்து ராணியின் குரல் வந்தது. "அவங்க கண்ணாலத்தை அப்பறம் பேசுங்க! எனக்கு இங்க உசுரு போகுது!"

நான் வாசலில் நின்றபடியே வலி எவ்வளவு நேரத்துக்கு ஒரு தரம் வருகிறது, பனிக்குடம் உடைந்துவிட்டதா என்று கேட்டேன். காளியம்மா உள்ளே திரும்பிக் கேட்டு, வெளியே திரும்பிச் சொன்னார். இன்னும் கொஞ்சம் அவகாசம் இருந்தது, நிறைய இல்லை. வாசலிலேயே மூன்று கல்லைப் போட்டு அடுப்பு மூட்டி, கத்தரிக்கோலையும் நூலையும் பாத்திரத்தில் போட்டு மூடினேன். ஊர்க்கவுண்டர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"இது எதுக்குங்க?"

"கொதிக்கணுங்க. கொதிச்சாத்தான் உள்ளே கொண்டு போகலாம்."

"கொதிக்காட்டி என்னாகும்?"

எனக்கு இருந்த எரிச்சலில், "இதுவும் தீட்டு மாதிரிதாங்க. கண்ணுக்குத் தெரியாது. ஆனா புள்ளைக்கு ஆகாது" என்றேன்.

அவர் பாத்திரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பாத்திரத்தைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "அப்பறம் என்னங்க! அதுக்கு ஒரு தீட்டு, உங்களுக்கு ஒரு தீட்டு. அது கொதிச்சு முடியறதுக்குள்ள உங்களுக்குக் கருமாதியை முடிச்சுப் போடறோம். ரெண்டு பேரும் ஒண்ணா உள்ள போங்க."

"எங்க அண்ணன் ஊர்ல பதினாறாம் நாள் பண்ணப் போறாருங்களே" என்றேன்.

"அது மகன் பண்றதுங்க, உங்கப்பா மேல போறதுக்கு. இது நீங்க உள்ள போறதுக்கு."

ஊர் முழுக்க வேலையில் இறங்கியது. நாலு பெண்கள் சேலையை மறைப்பாகப் பிடிக்க, என் தலையில் எண்ணெய் வைத்து, சீயக்காய் தேய்த்து, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். ஏற்காட்டுக் குளிரில் பச்சைத் தண்ணீர். என் பல் அடித்துக்கொண்ட சத்தத்தை எழவுப் பறை என்றே சொல்லலாம். காளியம்மாவின் சேலையை எனக்குச் சுற்றிவிட்டார்கள். கோடித் துணி போடத் தாய்மாமன் வேண்டும் என்றார் ஊர்க்கவுண்டர். வேலையில்லாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்ற சின்னசாமியைப் பிடித்தார்கள்.

"என்ற பொண்டாட்டி உள்ள கெடக்கறா, என்னைப் போயி..." என்று அவன் இழுத்தான்.

"அதான் சும்மா நிக்கறயே. மாமனா நில்லு" என்றார் ஊர்க்கவுண்டர்.

என்னைவிட நாலைந்து வயது சின்னவன். நோன்புக்கு என்று வாங்கி வைத்திருந்த புது வேட்டியைக் கொண்டுவந்து என் தலையில் போட்டான். தாய்மாமன் அழ வேண்டுமாம். அவனுக்கு அதில் ஒரு சிரமமும் இருக்கவில்லை.

அடுத்தது படையல். அப்பாவுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டார்கள். கருவாடு என்றேன். ஒரு வீட்டிலிருந்து வந்தது. பீடி என்றேன். பத்து இடுப்பிலிருந்து வந்தது. காளியம்மா ஒரு டம்ளர் காபியை வைக்கப் போனார். "அவருக்குக் காபி பிடிக்காதுங்க. கருகின தண்ணின்னு சொல்வார்" என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. அத்தனை பேரும் காபி விளைவிக்கிறவர்கள். கடைசியில் காளியம்மா டம்ளரை வைத்தே விட்டார். "இந்த மலைக் காப்பியை அவரு குடிச்சிருக்க மாட்டாரு. இப்பவாச்சும் குடிச்சுப் பாக்கட்டும்."

பிறகு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொண்டார்கள். என்னையும் நடுவில் இழுத்துக்கொண்டார்கள். காளியம்மா ஒப்பாரி எடுத்தார். ஆனை ஏறி வந்தவரே என்று ஆரம்பித்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. "ஆனை இல்லீங்க, சைக்கிள்" என்றேன்.

ஒப்பாரி நின்றது. "சைக்கிளா?"

"வாடகை சைக்கிள் கடை வெச்சிருந்தாரு."

"சைக்கிள்ல என்ன வேலை கண்ணு பண்ணுவாரு?"

"பஞ்சர் ஒட்டுவாரு. பசங்களுக்குக் குரங்குப் பெடல் சொல்லிக் குடுப்பாரு. யாரு சைக்கிளைத் தள்ளிக்கிட்டு வந்தாலும் காசு வாங்காம காத்தடிச்சு விடுவாரு."

காளியம்மா இதையெல்லாம் மனதுக்குள் போட்டு ஒரு சுற்றுச் சுற்றுவது முகத்தில் தெரிந்தது. கண்ணை மூடினார். உடம்பு முன்னும் பின்னும் ஆடியது.

"வந்தவங்க வண்டிக்கெல்லாம் காத்தடிச்ச மவராசா, உங்க மூச்சு நின்னப்போ காத்தடிக்க ஆளில்லையே!"

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்பா பம்பை மிதித்துக்கொண்டு, ஒரு கையால் டயரை அமுக்கிப் பார்க்கிற காட்சி கண்ணுக்கு முன்னால் வந்தது. முழுக்கைச் சட்டையை முழங்கைக்கு மேலே மடித்திருப்பார். கடைசியாகப் பார்க்கவில்லையே என்று எல்லோரும் கேட்ட அந்த முகம், டயர் மேல் குனிந்த முகம், தெளிவாக எனக்குத் தெரிந்தது. சிரித்த வாயை மூட முடியாமல் அப்படியே அழ ஆரம்பித்தேன். அந்த மாதிரி நான் அதற்கு முன்னாலும் அழுததில்லை, பின்னாலும் அழுததில்லை. யார் மடியில் விழுந்தேன் என்று தெரியாது. அவரைக் கண்ணால் பார்த்திராத அத்தனை பேரும் என்னோடு சேர்ந்து அழுதார்கள். எனக்கு என் அப்பா அன்றைக்குத்தான் செத்துப்போனார்.

அழுதுகொண்டே ஓரக்கண்ணால் பார்த்தால், ஊர்க்கவுண்டர் பாத்திரத்துப் பக்கம் கையை நீட்டுகிறார். "மூடியைத் திறக்காதீங்க!" என்று ஒப்பாரியின் நடுவிலிருந்து கத்தினேன். அவர் சுட்டுக்கொண்டவர் மாதிரி கையை எடுத்தார். உள்ளேயிருந்து ராணி அதைவிட உரக்கக் கத்தினாள். "அத்தே! அழுதது போதும்! அந்தம்மாவை உள்ள உடுங்க!"

மஞ்சள் தண்ணீரைத் தெளித்து, "போ சாமி" என்று காளியம்மா வழி விட்டார். முந்தானையால் கண்ணைத் துடைத்தேன். சோப்பு போட்டு முழங்கை வரை தேய்த்து, நகத்தைப் பிரஷால் தேய்த்து, கையை வேறு துணியில் துடைத்தேன். அப்போது புஷ்பம் அம்மா சொன்னதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது. அவர் என்னை அழாதே என்று சொல்லவே இல்லை.

கொதித்து முடிந்த பாத்திரத்தைக் காளியம்மா தூக்கி வர, உள்ளே போனபோது தலை தெரிந்துகொண்டிருந்தது. நல்ல வேளை, இன்னும் தாமதமாகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைக்க மாட்டேன். தலை வெளியே வந்ததும் கழுத்தில் விரலை விட்டுப் பார்த்தேன். கொடி சுற்றியிருந்தது. அந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. ராணியை முக்காமல் மூச்சை மட்டும் ஊதச் சொல்லி, ஒரு விரலைக் கொடிக்கு அடியில் கொடுத்து, மெல்லத் தளர்த்தி, சட்டையைக் கழற்றுகிற மாதிரி தலைக்கு மேலாக எடுத்தேன். அடுத்த வலியில் குழந்தை வந்து விழுந்தது. பெண். நீலம் பாரித்து, துவண்டு, சத்தமே இல்லை. வாயையும் மூக்கையும் துடைத்து, துணியால் முதுகைத் தேய்த்தேன். உள்ளங்காலைச் சுண்டினேன். வெளியே என் அப்பாவுக்கு ஒப்பாரி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு எழவு ஆகிவிடக் கூடாதே என்று தேய்த்தேன், தேய்த்தேன். ஒரு விக்கல் வந்தது. பிறகு குழந்தை ஊரையே திட்டுகிற மாதிரி அழுதது. கொதித்த நூலால் கொடியைக் கட்டி, கத்தரிக்கோலால் வெட்டினேன்.

"ஏய், நிறுத்துங்க! புள்ளை பொறந்துருச்சு!" என்றார் ஊர்க்கவுண்டர். எல்லோரும் நிறுத்தவில்லை. இரண்டு மூன்று பேர் என் அப்பாவை முடித்துவிட்டுத் தங்கள் வீட்டில் போனவர்களுக்கு அழ ஆரம்பித்திருந்தார்கள். அவர்களைப் பாதியில் நிறுத்துவது நியாயமில்லை என்று விட்டுவிட்டார்கள்.

நான் கிளம்பும்போது இன்னொரு சிக்கல் வந்தது. எழவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது. பிள்ளை பிறந்த வீட்டில் சொல்லாமல் போகக் கூடாது. இது எந்த வீடு என்று வாசலில் நின்று பேசினார்கள். ஊர்க்கவுண்டர்தான், "நர்சம்மா ஒண்ணும் சொல்ல வேண்டாம். நாம சொல்லுவோம். வந்துட்டுப் போங்க சாமி, வந்துட்டுப் போங்க" என்று முடித்து வைத்தார். பதினாறாம் நாள் ஊருக்குப் போனேன். முகத்தைப் பார்த்தியாடி என்று மறுபடி கேட்டார்கள். பார்த்தேன் என்றேன். சித்தி என் கன்னத்தைத் தடவிப் பார்த்துத் திருப்தியடைந்தாள்.

இதற்கு நடுவிலேயே புஷ்பம் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். திட்டு விழும் என்றுதான் எதிர்பார்த்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "மூடியை யாரும் திறக்கலையே?" என்றார். இல்லை என்றேன். "சரி" என்றார். நான் ஊரிலிருந்து திரும்பிய பிறகு ஒரு நாள், "அந்தக் குழந்தையைப் பார்க்கணும், நானும் வரேன்" என்று குடையை எடுத்துக்கொண்டார்.

வந்தவர் குழந்தையின் தொப்புளைப் பார்த்தார். ராணிக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தார். என் நகத்தைப் பார்த்தார். காளியம்மாவின் நகத்தையும் கேட்டு வாங்கிப் பார்த்தார். காளியம்மா கையை நீட்டிக்கொண்டே அவர் நெற்றியைப் பார்த்தார்.

"ஏனுங்க பெரிய நர்சம்மா, உங்க ஊட்டுக்காரருங்க?"

நான் திடுக்கிட்டுப் போனேன். பொட்டு வைக்காததால் புஷ்பம் அம்மாவைக் கிறிஸ்தவர் என்று நாங்களே முடிவு கட்டியிருந்தோம். யாரும் கேட்டதில்லை.

"இல்லை" என்றார் புஷ்பம் அம்மா. "ஆச்சு, ரொம்ப வருஷம். நான் அப்பவும் இந்த மலையிலதான் டூட்டி. மூணாம் நாளே வேலைக்கு வந்துட்டேன்."

"இங்க யாரும் துக்கம் கேக்கலீங்களா?"

"கேக்க விடலை."

காளியம்மா காபி டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டுப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார். "அவரு என்ன வேலை பண்ணிட்டிருந்தாருங்க?"

நான் கண்ணாலும் கையாலும் வேண்டாம் வேண்டாம் என்று ஜாடை காட்டினேன். காளியம்மா என்னைப் பார்க்கவே இல்லை. புஷ்பம் அம்மா குடையின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேலத்துல ஒரு சினிமாக் கொட்டகை. வாசல்ல நின்னு டிக்கெட் கிழிக்கிறது."

காளியம்மா அவர் தோளில் கையைப் போட்டு, கண்ணை மூடி, மெல்ல ஆட ஆரம்பித்தார்.

"ஊரையெல்லாம் உள்ள உட்டு உக்கார வெச்ச மவராசா, நீங்க மட்டும் பாதிப் படத்துல எந்திரிச்சுப் போயிட்டீங்களே!"

புஷ்பம் அம்மா சிரித்தார். அவர் பல்லை அன்றுதான் பார்த்தேன்.

"அவர் ஒரு படம்கூட முழுசாப் பார்த்ததில்லை" என்றார். "இடைவேளை விட்டதும் வேலை முடிஞ்சிரும். நான் தனியா இருப்பேன்னு ஓடி வந்துருவார்."

சொல்லி முடித்ததும் அவர் கையிலிருந்து குடை கீழே விழுந்தது. நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.